எந்த வரிசையில் நிற்கிறாள் உங்கள் மகள்?

வாசகர் கேள்வி – பதில்: அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கை

கேள்வி: வணக்கம். நியூ ஜெர்சியில் எடிசனில் இருக்கிறோம். மகள் பதினொன்றாவது படிக்கிறாள். வெயிட்டட் ஜிபிஏ (கடினப் பாடங்களுக்குக் கூடுதல் புள்ளி சேர்த்த சராசரி மதிப்பெண்) 4.4, எஸ்.ஏ.டி. நுழைவுத் தேர்வில் 1510, இதுவரை ஐந்து ஏ.பி. (கல்லூரி அளவு) பாடங்கள். ஒன்பது வருடமாகப் பரதம், போன கோடையில் அரங்கேற்றம் முடிந்தது. கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் வேண்டும் என்கிறாள். அவள் போட்டிருக்கும் பட்டியல்: பெர்க்லி, யு.சி.எல்.ஏ., மிச்சிகன், சேப்பல் ஹில், ஜார்ஜியா டெக், ஆஸ்டின், சியாட்டிலில் இருக்கும் வாஷிங்டன் பல்கலைக்கழகம். "எல்லாம் அரசுப் பல்கலைக்கழகம்தானே, ஹார்வர்டா கேட்கிறோம், இரண்டு மூன்றிலாவது கிடைத்துவிடும்" என்கிறார் கணவர். சான் ஹோசேயில் இருக்கும் என் அண்ணன், 1510 இருந்தால் பெர்க்லி நிச்சயம் என்கிறார். உண்மையில் வாய்ப்பு எவ்வளவு?
— ஒரு தாய், எடிசன்

பதில்: உங்கள் மகளின் மதிப்பெண்ணில் ஒரு குறையும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழே எழுதியிருப்பதைப் படித்துவிட்டு யாரும் அவளிடம் போய் "இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணியிருக்கலாமே" என்று கேட்டுவிடக் கூடாது. சிக்கல் பட்டியலில் இருக்கிறது. ஏழும் வெளிமாநிலம், ஏழிலும் கேட்பது கம்ப்யூட்டர் சயின்ஸ், சொந்த மாநிலத்தில் ஒன்றுகூட இல்லை.

"அரசுப் பல்கலைக்கழகம்தானே" என்ற உங்கள் கணவரின் வார்த்தையிலிருந்தே தொடங்கலாம். அரசு என்றால் எந்த அரசு? மாநில அரசு. அந்த மாநிலத்து மக்களின் வரிப்பணத்தில், அவர்கள் பிள்ளைகளுக்காகக் கட்டியது. நம்மூரில் அரசு மருத்துவக் கல்லூரி இடங்களில் 15 சதவீதம் அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகும், மீதி 85 மாநிலத்துப் பிள்ளைகளுக்கு. தமிழ்நாட்டுப் பையனுக்கு ஸ்டான்லியில் கிடைக்கிற அதே கட்-ஆஃபில் ராஜஸ்தான் பையனுக்கும் ஸ்டான்லி கிடைக்கும் என்று நாம் யாரும் நினைக்க மாட்டோம். இங்கே வந்தபிறகு மட்டும் அதை மறந்துவிடுகிறோம்.

சேப்பல் ஹில்லை எடுத்துக்கொள்ளுங்கள். வட கரோலினாவில் 1986 முதல் ஒரு விதி இருக்கிறது: அங்கே முதலாண்டு சேருகிறவர்களில் வெளியிலிருந்து வருகிறவர்கள் 18 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. முதலாண்டில் நாலாயிரத்துச் சொச்சம் பேர் சேருகிறார்கள் என்றால் வெளியாருக்கு எண்ணூறு நாற்காலி போல வரும். அந்த எண்ணூறுக்குள் விளையாட்டு வீரர்களும் உண்டு. விண்ணப்பமோ உள்ளூரைவிட வெளியிலிருந்துதான் அதிகம். எல்லாரும் சேர்வதில்லை என்பதால் இருக்கிற இடத்தைவிடப் பல மடங்கு பேரைத் தேர்வு செய்கிறார்கள், அது உண்மைதான். இருந்தாலும் உள்ளூர்ப் பிள்ளைகளில் பத்துக்கு நாலு பேருக்குக் கிடைக்கும்போது வெளியாரில் பத்துக்கு ஒருவருக்குக் கிடைப்பதே பெரும்பாடு. கல்லூரி விளம்பரங்களில் போடுகிற மொத்த சதவீதம் இந்த இரண்டையும் கலந்து வருவது. அது உள்ளூர்ப் பிள்ளைக்கும் பொருந்தாது, உங்கள் மகளுக்கும் பொருந்தாது.

ஆஸ்டின் இன்னும் கடினம். டெக்சஸில் 1997-இல் ஒரு சட்டம் போட்டார்கள். ஒவ்வொரு பள்ளியிலும் முதல் பத்து சதவீதத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கு மாநில அரசுப் பல்கலைக்கழகத்தில் தானாக இடம். கூட்டம் தாங்காமல் ஆஸ்டினுக்கு மட்டும் அதைக் குறைத்துக்கொண்டே வந்து, பல வருடம் ஆறு சதவீதமாக இருந்து, 2026-இல் சேருகிறவர்களுக்கு ஐந்து சதவீதம் ஆக்கிவிட்டார்கள். டெக்சஸ் பிள்ளைகளுக்கான இடத்தில் முக்கால் பங்கு இப்படியே நிரம்பிவிடும். வெளிமாநிலத்தாருக்கும் வெளிநாட்டாருக்கும் சேர்த்து மிஞ்சுவது ஏறக்குறைய பத்து சதவீதம். அதிலும் கம்ப்யூட்டர் சயின்ஸ் கேட்டால் நிலைமையை நீங்களே யோசித்துப் பாருங்கள்.

அப்புறம் உங்கள் அண்ணன் சொன்ன 1510. நல்ல மனசோடுதான் சொல்லியிருப்பார், ஆனால் பெர்க்லியில் அந்த எண்ணைப் பார்க்கவே மாட்டார்கள். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் எந்த வளாகத்திலும் சேர்க்கைக்கு எஸ்.ஏ.டி., அதைப் போன்ற ஏ.சி.டி. தேர்வு இரண்டும் கணக்கில் கிடையாது. 2020-இல் முடிவெடுத்து 2021-இலிருந்து முற்றிலும் நிறுத்திவிட்டார்கள். 1510 எடுத்தவளும் எழுதாதவளும் அங்கே ஒன்றுதான்.

4.4-ம் அங்கே 4.4 ஆக இருக்காது. அவர்கள் தாங்களாகவே கணக்குப் போடுவார்கள். ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண் சேராது, பத்தும் பதினொன்றும்தான். பி பிளஸ், ஏ மைனஸ் என்ற வித்தியாசம் கிடையாது. உங்கள் பள்ளியில் ஆனர்ஸ் பாடத்துக்குக் கூடுதல் புள்ளி கொடுத்திருப்பார்கள். வெளிமாநிலப் பள்ளியின் ஆனர்ஸுக்கு அவர்கள் அதைத் தரமாட்டார்கள், ஏ.பி., ஐ.பி. போன்றவற்றுக்கு மட்டும்தான், அதற்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு இரண்டு வருடப் பாடங்களையும் வரிசையாக எழுதி, ஏ என்றால் 4, பி என்றால் 3 என்று போட்டுக் கூட்டிப் பாருங்கள். போன வருடம் எங்கள் தமிழ்ப் பள்ளியில் ஒரு பையனுக்கு உட்கார்ந்து இப்படிப் போட்டோம். 4.5 என்று சொல்லிக்கொண்டு வந்தவனுக்கு 4.1 தான் வந்தது. அவன் முகம் வாடியதைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது, ஆனால் அக்டோபரில் தெரிந்ததே நல்லது, மார்ச்சில் தெரிவதைவிட. குறைந்தபட்சத் தகுதியே கலிஃபோர்னியாக்காரருக்கு 3.0, வெளியாருக்கு 3.4 என்று வைத்திருக்கிறார்கள். வாசற்படியே உயரம்.

அரங்கேற்றம் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இதில் நம் வீடுகளில் அடிக்கடி தவறு நடக்கிறது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு உயர்நிலைப் பள்ளியில் ஒரு வருடம் கலைப் பாடம் படித்திருக்க வேண்டும். ஓவியம், இசை, நாடகம், நடனம் எதுவானாலும் சரி, ஆனால் பள்ளியிலோ கல்லூரியிலோ படித்த பாடமாக இருக்க வேண்டும். டீச்சர் வீட்டு பேஸ்மென்டில் ஒன்பது வருடம் ஆடியது அந்தக் கட்டத்தை நிரப்பாது. மகளின் டிரான்ஸ்கிரிப்டில் (பள்ளி மதிப்பெண் பட்டியலில்) கலைப் பாடம் முழு வருடம் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள், இல்லையென்றால் பன்னிரண்டில் எடுக்க வைக்கலாம். பரதத்தை எழுத வேறு இடம் இருக்கிறது. எட்டுக் கேள்விகள் கொடுத்து, நாலுக்கு, ஒவ்வொன்றும் 350 வார்த்தைக்குள் பதில் எழுதச் சொல்வார்கள். அங்கே அவள் மூன்றாவது வருடத்தில் தட்டடவில் கால் வீங்கி உட்கார்ந்த கதையை எழுதட்டும். அரங்கேற்றத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பதை அங்கே எழுத வேண்டாம்.

இடக்கணக்கு அங்கேயும் உண்டு. 2017-இல் 18 சதவீத வரம்பு கொண்டுவந்தார்கள். பெர்க்லி, யு.சி.எல்.ஏ., சான் டியேகோ எல்லாம் அப்போதே அதைத் தாண்டியிருந்ததால் இருந்த அளவிலேயே நிறுத்தி வைத்தார்கள். 2021-இல் மாநில அரசு பணம் கொடுத்து அந்த மூன்று வளாகத்தையும் படிப்படியாக 18-க்கு இறக்கச் சொல்லியது. அதாவது உங்கள் மகள் விண்ணப்பிக்கிற நேரத்தில் அந்தக் கதவு பல வருடங்களாகச் சுருங்கிக்கொண்டே வந்திருக்கிறது.

மிச்சிகன் வேறு மாதிரி. அங்கே இப்படி ஒரு சட்ட வரம்பு இல்லை, இளங்கலையில் ஏறக்குறைய பாதிப்பேர் வெளியிலிருந்து வருகிறார்கள். ஆனால் நியூ ஜெர்சியிலிருந்து மிச்சிகனுக்கு அனுப்பாத பள்ளியே கிடையாது என்பதால் உங்கள் மகளின் வகுப்பிலிருந்தே பத்துப் பதினைந்து விண்ணப்பம் போகும். ஜார்ஜியா டெக்கில் உள்ளூர்ப் பிள்ளைகளில் மூன்றில் ஒருவருக்குக் கிடைத்தால் வெளியே பத்தில் ஒருவருக்கு என்பது போலத்தான் சமீப வருடங்களில் போய்க்கொண்டிருக்கிறது. சியாட்டிலில் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு முதலாண்டிலேயே நேரடிச் சேர்க்கை; வெளிமாநிலத்தாரில் நூற்றுக்கு ஐந்து பேருக்குக்கூடக் கிடைப்பதில்லை. என் மகளாக இருந்தால் சியாட்டிலைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடச் சொல்வேன்.

இதையெல்லாம் என் வாய்வார்த்தையை நம்பி ஏற்க வேண்டாம், நீங்களே பார்க்கலாம். பல்கலைக்கழகத்தின் பெயரோடு "காமன் டேட்டா செட்" என்று சேர்த்துத் தேடுங்கள். ஒரு நீளமான பி.டி.எஃப். வரும். அதில் சி1 என்ற பகுதியில் எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்குக் கிடைத்தது என்று இருக்கும். சமீப வருடங்களில் உள்மாநிலம், வெளிமாநிலம், வெளிநாடு என்று பிரித்தும் போடச் சொல்லியிருக்கிறார்கள், நிரப்பியிருந்தால் வகுத்துப் பார்த்துக்கொள்ளலாம். சி7 இன்னும் முக்கியம். சேர்க்கையில் எதற்கு எவ்வளவு மதிப்பு என்று ஒரு கட்டம், அதில் "மாநில வசிப்பிடம்" என்று ஒரு வரி. அந்த வரியில் எந்தக் கட்டத்தில் எக்ஸ் போட்டிருக்கிறது என்று மகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பாருங்கள். சி1-இல் வருகிற எண் மொத்தப் பல்கலைக்கழகத்துக்கானது, கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு அதைவிடக் குறைவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, அப்புறம் பணம். எங்கள் மகனுக்கு ஒரு வெளிமாநில அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தபோது வீட்டில் கேசரி செய்தோம், சொந்தக்காரர்களுக்கெல்லாம் வாட்ஸ்அப் போனது. பத்து நாள் கழித்துக் கட்டண விவரம் வந்தது. நானும் மனைவியும் ராத்திரி பதினொரு மணிக்கு முருகன் படம் போட்ட தினசரிக் காலண்டரின் கிழித்த தாள்களைத் திருப்பி வைத்துக்கொண்டு நாலு வருடக் கணக்குப் போட்டோம். மூன்று தாள் ஆனது. மகன் மாடிப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது எங்களுக்குத் தெரியாது. மறுநாள் காலையில் அவனாகவே "வேண்டாம்ப்பா" என்றான். அவனை அந்த இடத்தில் நிறுத்தியிருக்கக் கூடாது என்று இன்றைக்கும் மனசு உறுத்துகிறது. அந்தக் கணக்கை விண்ணப்பம் போடும் முன்பே போட்டிருக்க வேண்டும். ஆகவே சொல்கிறேன்: மிச்சிகனில் வெளியாருக்குக் கல்விக் கட்டணம் மட்டுமே வருடம் 60 ஆயிரம் டாலருக்கு மேல். பெர்க்லியில் தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து 80 ஆயிரத்தைத் தாண்டும், வெளியாருக்குப் பல்கலைக்கழகம் தேவை பார்த்துக் கொடுக்கும் உதவித்தொகையும் 2016-இலிருந்து புதிதாகச் சேருகிறவர்களுக்கு இல்லை. உங்கள் மாநிலத்து ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் கல்விக் கட்டணம் 20 ஆயிரத்தை ஒட்டித்தான் வரும்.

என் யோசனை இது. ஏழில் மிச்சிகன், ஜார்ஜியா டெக், அவளுக்கு ரொம்பப் பிடித்த இன்னொன்று, இந்த மூன்றும் இருக்கட்டும். ரட்கர்ஸ், நுவர்க்கில் இருக்கும் என்.ஜே.ஐ.டி. (நியூ ஜெர்சி தொழில்நுட்பக் கழகம்) இரண்டையும் முதல் வரியில் எழுதுங்கள், இரண்டிலும் நன்றாகப் படிக்கிற பிள்ளைகளுக்கான ஆனர்ஸ் கல்லூரி உண்டு. இண்டியானாவின் பர்டூ பல்கலைக்கழகத்தைச் சேருங்கள், 2013-இலிருந்து அங்கே கல்விக் கட்டணத்தை ஏற்றவில்லை, வெளியாருக்கு 30 ஆயிரத்துக்குள், எஸ்.ஏ.டி.யும் கேட்பார்கள் என்பதால் அந்த 1510-க்கு அங்கே மரியாதை உண்டு. ஆனால் அங்கேயும் கம்ப்யூட்டர் சயின்ஸ் லேசில்லை. கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடிய ஒன்று வேண்டுமென்றால் அரிசோனா ஸ்டேட். வெளிமாநிலத்தாருக்கும் சேர்க்கைத் தகுதியை எழுதியே வைத்திருக்கிறார்கள்: அவர்கள் சொல்லும் பாடங்களில் ஜிபிஏ 3.0, இல்லையென்றால் எஸ்.ஏ.டி. 1180, இல்லையென்றால் வகுப்பில் முதல் கால் பங்கு. அங்கே இருக்கும் பார்ரெட் ஆனர்ஸ் கல்லூரிக்கும் போடச் சொல்லுங்கள்.

தேதிகளை ஃபிரிட்ஜில் ஒட்டிவையுங்கள். சேப்பல் ஹில் முதல் சுற்று அக்டோபர் 15. ஜார்ஜியா டெக்கில் அக்டோபர் சுற்று ஜார்ஜியாக்காரருக்கு மட்டும், உங்களுக்கு நவம்பர் தொடக்கம். பர்டூ, மிச்சிகன் நவம்பர் 1. கலிஃபோர்னியா நவம்பர் கடைசி.

கேள்வி: ஐயா, நாங்கள் வட கரோலினா கேரியில் ஏழு வருடமாக இருக்கிறோம். எனக்கு எச்-1பி வேலை விசா, மகன் அதைச் சார்ந்த எச்-4 குடும்ப விசா. கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறோம், எப்போது வரும் என்று தெரியவில்லை. சேப்பல் ஹில்லுக்கும் என்.சி. ஸ்டேட்டுக்கும் போடப்போகிறான். அவன் வெளிநாட்டு மாணவனா, வெளிமாநில மாணவனா? பள்ளியில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.
— ஒரு தந்தை, கேரி

பதில்: இந்தக் கேள்வி எனக்கு மாதத்துக்கு ஒன்றாவது வருகிறது. ஒவ்வொரு முறையும் வயிற்றைப் பிசைகிறது, ஏனென்றால் சின்ன வகுப்பிலிருந்து இங்கேயே படித்து வளர்ந்த பிள்ளைக்குத் தான் யார் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

குடியுரிமை வேறு, மாநில வசிப்பிடம் வேறு. காமன் ஆப்பில் (பல கல்லூரிகளுக்கும் பொதுவான விண்ணப்பத்தில்) குடியுரிமைக் கேள்விக்கு உள்ளது உள்ளபடி இந்தியா, எச்-4 என்றே எழுதுங்கள். கட்டணத்துக்கும் இடக்கணக்குக்கும் பார்ப்பது வசிப்பிடம். எச்-4 என்ற ஒரே காரணத்துக்காக வட கரோலினா உங்கள் மகனை வெளியே நிறுத்துவதில்லை. பன்னிரண்டு மாதத்துக்கு மேல் அங்கேயே குடியிருந்து, வேலை, வரி, வீடு, டிரைவிங் லைசென்ஸ் எல்லாம் அங்கே இருந்தால் காட்டலாம். மேலே எடிசன் சகோதரிக்குச் சொன்ன 82-க்கு 18 கணக்கில் உங்கள் மகன் 82-இன் பக்கம் நிற்கலாம்.

ஆனால் அது தானாக நடக்காது. வட கரோலினாவில் ஆர்.டி.எஸ். என்று ஒரு வசிப்பிட நிர்ணயச் சேவை இருக்கிறது. அதில் தனியாக விண்ணப்பித்து, ஆர்.சி.என். என்ற எண்ணை வாங்கிக் கல்லூரி விண்ணப்பத்தில் போட வேண்டும். போடாவிட்டால் பிறந்ததிலிருந்து அங்கேயே இருக்கிற பிள்ளையையும் வெளிமாநிலமாகத்தான் வைப்பார்கள். உங்கள் விசா ஒப்புதல் தாளான ஐ-797, மகனின் நுழைவுப் பதிவான ஐ-94, வரித் தாள்கள் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் வைத்துக்கொண்டு செப்டம்பரிலேயே உட்காருங்கள். பதிலில் வெளிமாநிலம் என்று வந்தால் விட்டுவிடாதீர்கள், மேல்முறையீட்டுக்கு வழி உண்டு.

இரண்டு விஷயம் மறக்க வேண்டாம். எச்-4 பிள்ளைக்கு மத்திய அரசின் கல்வி உதவித்தொகை கிடையாது. 21 வயதில் எச்-4 முடிந்து எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டி வரலாம், பெரும்பாலும் மூன்றாம் ஆண்டின் நடுவில். அப்போது இன்-ஸ்டேட் கட்டணம் தொடருமா என்று பல்கலைக்கழக அலுவலகத்தில் இப்போதே மின்னஞ்சலில் கேட்டுப் பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். விசா பக்கத்துக்கு வக்கீலைத்தான் கேட்க வேண்டும், என்னை அல்ல.

கேள்வி: ஃபீனிக்ஸில் இருக்கிறோம். மகன் பதினொன்றாவது. ஃப்ரீமான்டில் என் அக்கா இருக்கிறாள். அவளைக் கார்டியனாகப் போட்டு, அந்த முகவரி கொடுத்தால் கலிஃபோர்னியா பையன் என்று ஆகிவிடாதா? இரண்டு மூன்று பேர் செய்ததாகக் கேள்விப்பட்டேன்.
— ஒரு வாசகர், ஃபீனிக்ஸ்

பதில்: செய்யாதீர்கள். 366 நாள் கலிஃபோர்னியாவில் இருந்தாக வேண்டும், அதோடு 24 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பெரும்பாலும் பெற்றோர் எங்கே வரி கட்டுகிறார்கள் என்றுதான் பார்ப்பார்கள். அரிசோனாவில் வரி கட்டிக்கொண்டு பிள்ளையை மட்டும் ஃப்ரீமான்ட் என்று எழுதினால் அது பொய். பொய் என்று தெரிந்தால் கொடுத்த இடத்தையே திரும்ப எடுத்துக்கொள்வார்கள். பதினேழு வயதுப் பையன் தன் கையால் கையெழுத்துப் போடுகிற முதல் பெரிய காகிதம் அது, அதில் இப்படி ஒரு முகவரியை எழுதச் சொல்ல உங்களுக்கு மனசு வருமா? கலிஃபோர்னியாவில் மூன்று வருடம் உயர்நிலைப் பள்ளி படித்து அங்கேயே முடித்தவர்களுக்கு வெளிமாநிலக் கட்டணத்திலிருந்து விலக்கு உண்டு என்பது நிஜம்தான், ஆனால் பதினொன்றாவதில் இருக்கும் பையனுக்கு அந்த நேரம் தாண்டிவிட்டது.

நேர் வழி ஒன்று இருக்கிறது. மேற்கு மாநிலங்களுக்குள் டபிள்யூ.யு.இ. என்று ஓர் ஒப்பந்தம், அரிசோனாவும் அதில் உண்டு. சேர்ந்திருக்கிற கல்லூரிகளில் உள்ளூர்க் கட்டணத்தைப்போல ஒன்றரை மடங்குக்குள் படித்துவிடலாம். பெர்க்லியும் யு.சி.எல்.ஏ.யும் அதில் இல்லை. மெர்சட் வளாகம் இருக்கிறது, வாஷிங்டன் ஸ்டேட் இருக்கிறது. எல்லாப் பாடத்துக்கும் தரமாட்டார்கள், சிலவற்றில் முன்கூட்டியே கேட்க வேண்டும். உங்கள் அக்கா வீட்டிலிருந்து மெர்சட் காரில் இரண்டு மணி நேரம்தான், வாரக் கடைசியில் போய்ச் சாப்பிட்டுவிட்டு வரலாம்.

கேள்வி: கம்ப்யூட்டர் சயின்ஸில் கூட்டம் என்பதால் புவியியல் என்று போட்டு உள்ளே நுழைந்துவிட்டு, இரண்டாம் வருடம் மாறிக்கொள்ளலாமா?
— ஒரு மாணவி, அட்லான்டா

பதில்: எங்கே போடுகிறாய் என்பதைப் பொறுத்தது, தங்கமே. சியாட்டிலில் நேரடியாகக் கிடைக்காதவர்கள் மாறிக்கொள்ளலாம் என்று நம்பி வர வேண்டாம் என்று அவர்களே சொல்கிறார்கள். இல்லினாய் அர்பானா-ஷாம்பெய்னிலும் பெர்க்லியிலும் கிட்டத்தட்ட அதே கதைதான். இரண்டு வருடம் மாற முடியாமல் தவித்துவிட்டு ஊருக்குத் திரும்பிய பிள்ளைகளை எனக்குத் தெரியும். புவியியல் உனக்கு நிஜமாகவே பிடிக்கும் என்றால் போடு. அர்பானாவில் கம்ப்யூட்டர் சயின்ஸையும் புவியியலையும் சேர்த்தே படிக்கிற பட்டம் ஒன்று இருக்கிறது, அந்தப் பக்கத்தைத் திறந்து பாடங்களைப் படித்துப் பார். நாலு பாடத் தலைப்பைப் படித்ததும் ஆசை வந்தால் எனக்கு மறுபடி எழுது, உன் கட்டுரையைச் சேர்ந்து பார்க்கலாம்.